படத்தில் இல்லாத கையுறை

கார்னெட் பே
ஜனவரி 11, 2022

அன்புள்ள மார்யா அக்காவுக்கு,

ஆர்வோ எழுதுவது. தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்டோபரிலிருந்து வந்த, போன எல்லா மின்னஞ்சலையும் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், கேட்டால் வழக்கில் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று பத்திரிகையின் வக்கீல் உத்தரவு போட்டிருக்கிறார். அதனால்தான் பேனா. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை, விரல் வலிக்கிறது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

விஷயம் இது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வடகரை பஸ் கம்பெனி பிரேக்கைப் பார்க்காமலே 'சோதனை முடிந்தது' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறது என்று நவம்பரில் எங்கள் 'கூரியர்' பத்திரிகையில் செய்தி போட்டோம். அதன் உயிரே ஒரு படம்தான். கம்பெனி ஷெட்டில் வேலை பார்க்கும் ஒருவர் எடுத்து எங்கள் பத்திரிகை ஆசிரியையான லோயிஸுக்கு அனுப்பியது. பட்டறைப் பலகையில் பிரேக் டிரம், விரல் நுழையும் அளவுக்கு விரிசல். பின்னால் அதே பஸ்ஸின் கண்ணாடியில் புது ஸ்டிக்கர். உங்கள் பெயர் வெளியே வராது என்று லோயிஸ் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

லோயிஸ் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "யார் எடுத்ததுன்னு காட்டுற எதுவும் இதுல இருக்கக் கூடாதுடா. எல்லாத்தையும் எடுத்துடு."

எடுத்தேன். எந்தப் போன், எந்த இடம், எந்த நேரம் என்று படத்துக்குள் ஒளிந்திருக்கும் தகவல் அத்தனையையும் துடைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், பலகை மேல் ஒரு கையுறை கிடந்தது. மான்தோல் கையுறைக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளி உறை. நம் ஊரில் எல்லாரும் சாம்பல் அல்லது கறுப்பு போடுவார்கள். இது ஆரஞ்சும் ஊதாவும். ஷெட்டில் அந்த நிறத்தில் போடுகிறவர் ஒரே ஒருவர்தான். ஓரத்தில் கிடந்திருந்தால் வெட்டியிருப்பேன். டிரம்முக்கும் ஸ்டிக்கருக்கும் நட்டநடுவில் கிடந்தது. வெட்டினால் இரண்டில் ஒன்று போய்விடும். அதனால் பக்கத்துப் பலகையை நகலெடுத்து அதன் மேல் ஒட்டினேன். சுத்தமாக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது கம்பெனி எங்கள் மேல் அவதூறு வழக்குப் போட்டிருக்கிறது. அவர்கள் கூட்டிவந்த நிபுணர் அந்த ஒட்டைக் கண்டுபிடித்துவிட்டார். பலகையில் ஒரே மரக்கணு இரண்டு இடத்தில் இருக்கிறதாம். 'படமே பொய், செய்தியும் பொய்' என்கிறார்கள். மார்ச்சில் நான் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும். கேள்வி ஒன்றுதான்: அங்கே என்ன இருந்தது? சொன்னால் அந்த மனிதர் காலி. சொல்லாவிட்டால் படம் போலி என்று ஆகிவிடும். விரிசல் விழுந்த பஸ்ஸில் பிள்ளைகள் போய்க்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வக்கீல் கேட்டார்: "தகவல் கொடுத்தவங்கள மறைக்கிற உரிமை நிருபருக்கு உண்டு. நீ நிருபரா?"

"இல்ல. கம்ப்யூட்டர் பாக்குறவன். பிரிண்டர் மக்கர் பண்ணாலும் நான்தான்."

"அப்ப கஷ்டம்" என்று கையில் இருந்த பேனாவை மூடினார்.

அசல் படம் லோயிஸிடம் இருக்கிறது. அதைச் சட்டம் காக்குமாம். என் மண்டைக்குள் இருப்பதைக் காக்காதாம்.

நீ பத்து வருஷமாகக் கல்லூரியில் பத்திரிகை அறம் என்று இதைத்தான் வகுப்பில் சொல்லித் தருகிறாய். நான் என்ன செய்ய வேண்டும்? ஒரே வரியில் சொல். படிக்க வேண்டிய புத்தகப் பட்டியல் அனுப்பாதே. அந்த மனிதரின் பெயரை உனக்கும் எழுத மாட்டேன்.

உன் தம்பி, விரல் வலியுடன்,
ஆர்வோ


ஒஹையோ
ஜனவரி 19, 2022

அன்புள்ள ஆர்வோ,

இது ஒஹையோ. வாடகை வீடு. சுவரில் மின்சார ஹீட்டர்தான் இருக்கிறது, அடுப்புக்கு எங்கே போவேன்? துண்டு துண்டாகக் கிழித்து, காபித் தூளோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். உன் கையெழுத்தைக் கிழிக்க மனசு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டைகூட எழுதாத பையன், எழுதிய முதல் கடிதத்தையே கிழிக்கச் சொல்கிறான்.

ஒரு வரி கேட்டாய். இதோ: இன்றே லோயிஸிடம் போய்ச் சொல்.

அக்கா என்பதால் இன்னும் கொஞ்சம். நீ செய்தது தப்பு, ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்காக இல்லை. கையுறையை மறைத்தது தப்பில்லை. அந்த இடத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு சாம்பல் கட்டம் போட்டு, 'ஒருவரின் பாதுகாப்புக்காக இங்கே ஒரு பொருள் மறைக்கப்பட்டிருக்கிறது' என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தால் எந்த நிபுணர் வந்தும் ஒன்றும் செய்திருக்க முடியாது. மறைக்கலாம், ஆர்வோ. மறைத்ததை மறைக்கக் கூடாது. கேமரா கண்டதைத்தான் நானும் காண்கிறேன் என்று வாசகர் நம்புகிறார். பத்திரிகையிடம் இருப்பது அந்த நம்பிக்கை மட்டும்தான். நீ பலகையை ஒட்டினாய், அது போயிற்று.

திட்டிவிட்டேன், போதும். அந்த மனிதருக்கும் விஷயம் தெரிய வேண்டும். அவர் தலை மேல் தொங்குவதை அவருக்குத் தெரியாமல் நீங்கள் இருவர் மட்டும் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

இங்கே குளிர் இல்லை, சேறுதான். போன வாரம் என் வகுப்பில் ஒரு பையன் உட்கார்ந்தபடியே தூங்கினான். அவன் மேல் குற்றமில்லை, நான் சொன்ன உதாரணம் அவன் பிறப்பதற்கு முன் நடந்தது. உன் கடிதத்தைப் படித்தபோது, சொன்னால் கோபித்துக்கொள்வாய், என் வகுப்புக்கு வேண்டியது இதுதான் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், இது என் தம்பி ஆயிற்றே என்று உறைத்தது.

நீராவிக் குளியலுக்கான சௌனா அடுப்பின் புகைக்குழாயைச் சுத்தம் செய்தாயா? ஒழுங்காகச் சாப்பிடு. கடையில் விற்கும் கறி அடைத்த பேஸ்டியையே மூன்று வேளையும் தின்றுகொண்டிருக்காதே.

எப்போதும் உன் பக்கம் நிற்கும்,
மார்யா


கார்னெட் பே
பிப்ரவரி 3, 2022

அன்புள்ள அக்கா,

சொன்னேன். லோயிஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"படத்துல ஒரு பொருள அழிச்சியா?"

"அழிக்கல. மூடினேன்."

"எதால?"

"பலகையால. பக்கத்துல இருந்த பலகைய நகலெடுத்து."

கழற்றிய கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். அப்புறம், "முப்பது வருஷம்டா. இந்தப் பேப்பர்ல ஒரு வானத்தக்கூட நாங்க நீலமாக்கினதில்ல" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் முதல் பக்கத்தில் குறிப்பு வந்தது. 'தகவல் தந்தவரைக் காக்க, படத்தில் இருந்த ஒரு பொருளை எங்கள் ஊழியர் நீக்கினார். வாசகரிடம் அதைச் சொல்லத் தவறினோம். விரிசலும் ஸ்டிக்கரும் உண்மை.' நீ சொன்ன அதே மருந்துதான், ஆனால் நோய் முற்றியபின் கொடுத்தது. குறிப்பின் கடைசி வரியை ஊரில் யாரும் படிக்கவில்லை. கடையில் கல்லாவில் இருக்கிற பெண் கேட்கிறாள்: "ஆர்வோ, என் மின்சார பில்லக் கொஞ்சம் மாயமாக்கிக் குடேன்." நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

அந்த மனிதரிடமும் லோயிஸ் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சர்ச் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. வரிசையில் அந்த மனிதர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"உன் வாயிலேர்ந்து வருமா?"

"நான் நிருபர் இல்லீங்க. சட்டம் எனக்கு..."

"அதக் கேக்கல தம்பி. வருமா, வராதா?"

"வராது" என்றேன். அதற்குள் முட்டைக்கோஸை என் தட்டில் குவித்துவிட்டார்கள். அவ்வளவுதான் சடங்கு. நவம்பரில் வாக்குக் கொடுத்தது லோயிஸ், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்தேன். இப்போது நானும் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஓய்வூதியம் வர இன்னும் ஒரு குளிர்காலம் பாக்கி இருக்கிறது.

ஒரு தாளில் படம் போட்டே பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவர் போவார். வாயை மூடினால் மாவட்டச் சிறை. தெரியாது என்றால் பொய்ச் சத்தியம். எந்தக் கோட்டைப் பிடித்துப் போனாலும் சுவரில் முட்டுகிறது. இப்படி ஒரு மென்பொருளை எவனாவது எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஒரு வழி மட்டும் பாக்கி. அது கையுறை இல்லை, ஒரு காபிக் கோப்பை என்று சொல்லிவிட்டால்? படம் போலி இல்லை என்றும் ஆகும். அவரும் தப்பிப்பார். நான் சாதாரணமாகப் பொய் சொல்கிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் ஒரு கோப்பையால் யாருக்கு என்ன நஷ்டம்?

சீக்கிரம் எழுது. புகைக்குழாயைச் சுத்தம் செய்தாயிற்று.

ஆர்வோ


ஒஹையோ
பிப்ரவரி 14, 2022

அன்புள்ள ஆர்வோ,

கோப்பை வேண்டாம். சத்தியம் செய்து பொய் சொல்வது இருக்கட்டும், அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஷெட்டில் கோப்பைக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். நீ கோப்பை என்று சொன்ன நிமிஷமே அவரைத் தேடுவார்கள். இல்லாத பொருளை யார் தலையில் கொண்டுபோய் வைப்பாய்?

லோயிஸிடம் சொன்னதற்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. இங்கிருந்து அது முடியாது. ஏலக்காய் ரொட்டி சுட்டு அனுப்பியிருக்கிறேன், உடைந்து வந்தால் தபால்காரரைத் திட்டு.

அடுத்ததைக் கோபப்படாமல் படி.

உன் விஷயத்தை வகுப்பில் கொடுத்தேன். பதறாதே. எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், எப்போதும் அப்படித்தானே செய்கிறேன். ஊர் இல்லை, பஸ் இல்லை. மெய்ன் மாநிலக் கடற்கரையில் ஒரு படகுக் கம்பெனி. பிரேக் என்பதைச் சுக்கான் ஆக்கினேன். கையுறையை ஒரு பழைய ஹாக்கித் தொப்பி ஆக்கினேன், மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்டது. எங்கிருந்து வந்ததோ, எழுத உட்கார்ந்ததும் கைக்கு வந்தது. ஒரு பெயர்கூடக் கிடையாது.

ஆர்வோ, என் வகுப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அந்தத் தூங்குமூஞ்சிப் பையன் எழுந்து நின்று, "மேடம், அந்தக் கம்ப்யூட்டர் ஆளு முட்டாள்" என்றான். முன் வரிசைப் பெண் அப்படியே திரும்பினாள்: "முட்டாளா? அந்தப் பத்திரிகையில படம் எடுத்தவனப் பத்தி யோசிச்சது அவன் ஒருத்தன்தான்." மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. வராந்தாவில் போயும் சண்டை போட்டார்கள். பத்து வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு நாள் வந்ததில்லை. துறைத் தலைவர் கேள்விப்பட்டு, மற்ற ஆசிரியர்களும் பயன்படுத்தட்டும் என்று கல்லூரியின் இணையப் பக்கத்தில் போடச் சொன்னார். போட்டாயிற்று.

உன்னைக் கேட்டிருக்க வேண்டுமோ என்று ஒரு யோசனை வந்தது. பெயர்தான் இல்லையே என்று விட்டுவிட்டேன். என் பிள்ளைகளில் பாதிப் பேர் உன் கட்சி. அதைச் சொன்னால் உனக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

சாட்சி சொல்லும் நாள் முழுக்க உன்னையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
மார்யா


கார்னெட் பே
மார்ச் 4, 2022

அக்கா,

ரொட்டி உடையாமல் வந்தது. நன்றி.

நேற்று சாட்சி சொன்னேன். கம்பெனி வக்கீல் முதலில் படத்தைக் காட்டவே இல்லை. ஒரு தாளை என் முன்னால் தள்ளினார். மெய்ன் கடற்கரை, படகு, சுக்கான். தாளின் கீழே 'தயாரித்தவர்: மார்யா காங்காஸ்'. பெயரே இல்லை என்று எழுதியிருந்தாய். ஒரு பெயர் இருந்தது.

"காங்காஸ். இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"டெக்னீஷியன் ஒருத்தர் பத்திரிகைப் படத்துல ஒரு பொருள மூடுறாரு. கம்பெனி வழக்குப் போடுது. அவரு நிருபர் இல்லங்கறதால சட்டம் காப்பாத்தல. உங்க அக்காவுக்கு நல்ல கற்பனை, இல்ல?"

நான் தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"அது தொப்பியா?"

இந்தக் கேள்விக்கு முன்னால் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பே, கம்பெனியில் பஸ் ஓட்டும் நம் கோர்டி மட்டிலாவை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. காலையில் வண்டி எடுக்கப் போனவனிடம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட தொப்பி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். நான் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் ஒரு குளிர்காலம் முழுக்க உன் தலையில் இருந்தது. கோர்டி தலைவனாக இருந்த ஹாக்கி அணியின் தொப்பி. அணியைக் கலைத்து எத்தனையோ காலம் ஆகிறது. இன்னமும் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டுகிறவன் அவன் ஒருவன்தான். ஊருக்கே தெரியும். உனக்கு மறந்துவிட்டது, உன் கைக்கு மறக்கவில்லை.

அந்தப் படம் எடுக்கப்பட்டதே அவனுக்குச் செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரியும்.

ஆக, 'அது தொப்பியா?' ஆமாம் என்றால் கோர்டி. பேசாமல் இருந்தாலும் கோர்டி. இல்லை என்றால் அடுத்த கேள்வி.

"தொப்பி இல்ல" என்றேன்.

"அப்ப என்ன?"

"சொல்ல மாட்டேன்."

"தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

எங்கள் வக்கீல் கூரையைப் பார்த்தார். இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால், பதில் வரும்வரை மாவட்டச் சிறை என்று நீதிபதி உத்தரவு.

நான் 'தொப்பி இல்லை' என்றதால் கோர்டிக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்கும் என்று நினைக்காதே. படத்தில் ஒட்டுப் போட்டவன் வார்த்தையை யார் நம்புவார்கள்? நண்பனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்கிறார்கள்.

கோர்டி வீட்டுக்கு வந்தான். பாதி பேஸ்டியோடு எழுந்து கதவைத் திறந்தேன். உள்ளே வரவில்லை.

"ஏன்டா, நான் என்னடா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல."

"அது எனக்குத் தெரியும்டா. அவங்ககிட்ட சொல்லு."

"சொல்லிட்டேன்."

"அப்ப யாருன்னு சொல்லு."

நான் அவனுடைய பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.  அப்புறம், "மார்யா நல்லாருக்காளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டான்.

கோப்பைக்கும் சொந்தக்காரர் இருப்பார் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். அதே கடிதத்தின் அடுத்த பக்கத்தில் தொப்பியை எழுதியிருக்கிறாய். அதே பேனாவால். நான் ஒரு கையுறையை மூடினேன். நீ ஒரு ஆளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்திவிட்டாய்.

ஆர்வோ


ஒஹையோ
மார்ச் 13, 2022

ஆர்வோ,

உன் கடிதம் வந்த அன்றே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். அதனால் ஒரு பயனும் இல்லை என்று எனக்கே தெரியும். படிக்க வேண்டியவர்கள் படித்துவிட்டார்கள்.

எதையும் நியாயப்படுத்தப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் முதல் பக்கம் முழுக்க நியாயம்தான். எல்லா ஆசிரியரும் இப்படித்தான் செய்கிறார்கள், பெயரை மாற்றினால் போதும் என்றுதான் எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள், நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மிச்சம் இருப்பது இதுதான்: உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

கோர்டிக்கு எழுத முயன்றேன். 'அன்புள்ள கோர்டி' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

இன்னொன்று. எனக்கும் சம்மன் வந்திருக்கிறது. முந்தாநாள் வகுப்பு வாசலில், பிள்ளைகள் முன்னால், ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தொப்பி கற்பனை என்றால் உண்மையான பொருள் என்ன, தம்பி உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்பார்கள். ஏப்ரல் முதல் வாரம். நானும் நிருபர் இல்லை. கல்லூரியின் வக்கீல், உண்மையைச் சொல்லிவிடுங்கள், உங்களுக்கு அந்த ஆளைத் தெரியவே தெரியாதே என்கிறார். எனக்குப் பெயர் தெரியாது என்பது நிஜம். ஆரஞ்சும் ஊதாவும் என்று சொன்னால் போதும், பெயரை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

சொல்ல மாட்டேன் என்றால் வேலை போகும், அதுகூடப் பரவாயில்லை. சத்தியம் செய்துவிட்டு மறதி என்று சொன்னால், அடுத்த நாள் எந்த முகத்தோடு அந்த வகுப்புக்குள் போவேன்? சொல்லிவிட்டால், உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஒவ்வொரு பருவத்திலும் இப்படி ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடம் நீட்டிவிட்டு, 'சரியான விடை கிடையாது, யோசியுங்கள்' என்று சிரித்தபடி சாக்பீஸைக் கீழே வைப்பேன். வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவேன்.

அன்று முன் வரிசைப் பெண் வகுப்பு முடிந்ததும் வந்தாள். "மேடம், அது உங்க தம்பியா?" என்றாள். தலையாட்டினேன். "அவரக் கேட்டீங்களா?" என்றாள். பையில் எதையோ தேடுகிற மாதிரி நின்றேன்.

ஒரே வரியில் சொல், ஆர்வோ. நான் என்ன செய்ய வேண்டும்?

மார்யா


கார்னெட் பே
ஏப்ரல் 5, 2022

அன்புள்ள அக்கா,

நீ கேட்ட ஒரு வரியை எழுத முடியாமல் தினமும் தள்ளிப்போட்டேன். இனி அது தேவையில்லை. உன் சம்மன் ரத்தாகிவிட்டது என்று வக்கீல் சொல்லியிருப்பார். எப்படி என்று அவர் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது பெயரை எழுதலாம். நோரீன் ஹக்காலா. ஷெட்டில் உதிரிபாகம் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் அம்மாள். பெண் என்றுகூடத் தெரியக் கூடாது என்றுதான் 'மனிதர்' என்று எழுதிவந்தேன். உனக்கு எழுதலாமா என்று கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்சாச்சு, உங்க அக்காவுக்குத் தெரியக் கூடாதா" என்றார்.

நான் சிறைக்குப் போக வேண்டிய வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. நோரீன் எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்தார். நாளைக்கு நானே சொல்லிவிடப் போகிறேன் என்றார்.

"வேண்டாங்க. இன்னும் ஒரு குளிர்காலம்தான. நான் உள்ள போனாலும் கொஞ்ச நாள்தான் வெச்சிருப்பாங்க."

"நீ என் பேரச் சொல்லல. சரி. அதனால நான் நிம்மதியாத் தூங்குறேன்னு நெனச்சியா? கோர்டியோட சின்னப் பொண்ணு என் ஜன்னலுக்கு வந்து, எங்கப்பா சாப்பாட்டு டப்பாவ இங்க விட்டுட்டாரான்னு கேக்குறா. எடுத்துக் குடுத்தேன். அப்புறம் ஜன்னல மூடிட்டேன்."

"லோயிஸ் வாக்குக் கொடுத்தாங்க. நானும் கொடுத்தேன்."

"நீங்க குடுத்தீங்க. நான் யாருக்கும் குடுக்கலயே" என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை காபி இடைவேளை. டிரைவர்கள் எல்லாரும் இருந்தார்களாம். பனி உருகிச் சொட்டிக்கொண்டிருக்கிறது, இவர் மட்டும் இரண்டு கையிலும் கையுறையோடு உள்ளே போயிருக்கிறார். உள் உறையைக் கழற்றி முதலாளி மேஜையில் வைத்தாராம். "படத்துல இருந்தது இது. எடுத்தது நான். கோர்டியக் கூப்பிடுங்க."

அங்கிருந்து நேராகக் கூரியருக்கு வந்தார். அசல் படத்தை அன்றைக்கே முழுசாகப் போட்டோம். டிரம், விரிசல், நடுவில் கையுறை, பின்னால் ஸ்டிக்கர். நவம்பரில் நான் பார்த்த அதே படம். ஒரு புள்ளிகூடத் தொடவில்லை.

நோரீனுக்கு அன்று மாலையே வேலை போயிற்று. லோயிஸ் ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறார். ஓய்வூதியம் வருமா என்று யாருக்கும் தெரியாது. அரசு ஆய்வாளர் வந்து பாதி பஸ்களை நிறுத்திவிட்டார். இப்போது பெற்றோர்தான் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறார்கள். பெட்ரோல் பங்கில் ஒருத்தி நோரீனிடம், "உன்னாலதான் நான் தினமும் வேலைக்கு லேட்டு" என்றாளாம். கோர்டியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். போயிருக்கிறான். தொப்பி போடுவதில்லை.

நான் சிறைக்குப் போகவில்லை. எல்லாரும் தோளைத் தட்டுகிறார்கள். சமையலறையில் நோரீன் உட்கார்ந்த நாற்காலி எதிரில் இருக்கிறது. தப்பித்த மாதிரியே இல்லை. லோயிஸ் எனக்கும் நிருபர் அட்டை அடித்துக் கொடுத்தார், அடுத்த தடவை சட்டம் காக்கட்டும் என்று. வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டிருக்கிறேன்.

இனி உன் விஷயம்.

இதை உன் வகுப்பில் சொல்லிக் கொடு. கிண்டல் இல்லை. நீ சொன்ன எந்த உதாரணத்தையும்விட இது உதவும். ஆனால் படகு வேண்டாம், மெய்ன் வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம். நீ கேட்கவில்லை, அதனால் நான் போய் ஒவ்வொருவரையும் கேட்டேன். லோயிஸ், "என் பேரையும் போடு, நீ என்ன அழிச்சேன்னு கேக்காம விட்டவதான் நானும்" என்றார். நோரீன், "பசங்க தூங்காமக் கேப்பாங்கன்னா சரி" என்றார்.

கடைசியாகக் கோர்டியிடம் போனேன். பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தான், பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"அதுல மார்யா பேரும் இருக்குமா?" என்றான்.

"கேக்குறேன்."

"இருந்தா சரி."

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மேலே நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன், என் ஒட்டுவேலையையும் உன் தொப்பியையும் சேர்த்து. கீழே அவரவர் பெயர், அவரவர் என்ன செய்தார் என்பது, கையெழுத்து. எல்லாரும் அவரவர் கையால்தான் எழுதினார்கள். கடைசி வரியில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. அதற்கு எதிரில் என்ன எழுதுவது என்று நான் சொல்லப் போவதில்லை.

தாள் திரும்பி வந்தால் ஜூனில் வா. சௌனாவைச் சூடாக்கி வைக்கிறேன். தாள் வராவிட்டால் பிறந்தநாளுக்கு அட்டை அனுப்புவேன், புகைக்குழாய், பனி, பேஸ்டி என்று எழுதுவேன். அதற்கு மேல் உனக்கு எழுத என்னால் முடியாது.

உன் தம்பி,
ஆர்வோ

(தாளின் கீழ்ப்பகுதி)

நோரீன் ஹக்காலா: படம் எடுத்தேன்.
லோயிஸ் பெங்கெல்லி: கேட்காமல் வெளியிட்டேன்.
ஆர்வோ காங்காஸ்: கையுறையை மூடினேன். சொல்லவில்லை.
கோர்டி மட்டிலா: ஒன்றும் செய்யவில்லை.
மார்யா காங்காஸ்: